சிவப்பு விழுந்தால் பேசுகிறவர்

என் மகன் இப்போது வைத்திருக்கும் கார் சிக்னலில் நின்றால் தானாகவே அணைந்துவிடுகிறது. கிளட்சை மிதித்தால் தானாகவே கிளம்புகிறது. அவனுக்கு அது பெரிய விஷயமே இல்லை. எனக்குத்தான் அவஸ்தை. வண்டி அணைந்ததும் என்னை அறியாமல் பேச ஆரம்பித்துவிடுகிறேன். பச்சை விழுந்ததும் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். "ஏம்மா, ரெட் லைட் போட்டாத்தான் உனக்குப் பேச்சு வருமா?" என்று கேலி செய்கிறான். இந்தப் பழக்கம் எனக்கு எங்கள் கம்பெனி வேன் டிரைவரிடமிருந்து வந்தது.

அவருக்குக் காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேனில் போய்வந்த எங்கள் எல்லோருக்கும் அது தெரியும், கம்பெனிக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெங்களூரு நீலசந்திராவில் இரண்டு அறை வீடு, அந்த வீட்டுக்கு அவர் ஒருவர் சம்பளம். அதனால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. எதிரே நின்று முகத்தைக் காட்டிப் பேசினால் பிடித்துக்கொள்வார். வண்டி ஓடும்போதுதான் ஒன்றும் கேட்காது. மிச்சம் மீதி கேட்பதையும் எஞ்சின் சத்தம் தின்றுவிடும். ஆகவே சிக்னலில் சிவப்பு விழுந்ததும் சட்டென்று சாவியைத் திருப்பி வண்டியை அணைப்பார். ஒரு கையை சீட்டின் முதுகில் போட்டுக்கொண்டு உடம்போடு திரும்பி எங்கள் வாயைப் பார்ப்பார். "ம், இப்போ சொல்லுங்க" என்பார். நாங்கள் சொல்வோம், அவரும் சொல்வார். பக்கத்து வண்டிகள் உறுமத் தொடங்கியதும் எங்கள் முகத்தில் அது தெரியும். உடனே திரும்பி வண்டியைக் கிளப்பிவிடுவார். அடுத்த சிவப்பு வரைக்கும் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

நான் பொம்மசந்திராவில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். லிங்கராஜபுரத்திலிருந்து நான்தான் முதல் ஆள். ஆஸ்டின் டவுனில் ஸ்டெல்லா ஏறுவாள். அவள் மாதிரித் துணி தைக்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர். மடிவாளாவில் ஸ்டோர்ஸ் நாகராஜ். வேறு பெண்கள் சிலர் வந்து போவார்கள், கல்யாணமானால் நின்றுவிடுவார்கள். நிலையாக இருந்தது நாங்கள் மூன்று பேர். அவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். அவர் எங்களை மேடம் என்பார், சார் என்பார். நாகராஜை மட்டும் சில நாள் "டேய்" என்பார்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், சேர்ந்த புதிதில் ஒருநாள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஓசூர் ரோட்டில் பின்னால் ஒரு லாரி வந்து ஹார்ன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இவர் ஒதுங்குவதாகக் காணோம். திமிர் பிடித்த ஆள் என்று நினைத்தேன். பயத்தில் அவர் கையைத் தட்டிவிட்டேன். கண்ணாடியைப் பார்த்தார், உடனே ஒதுங்கினார். லாரிக்காரன் தாண்டும்போது கன்னடத்தில் அவருடைய அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். இவர் அவனைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். அடுத்த சிக்னலில் வண்டியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நாளைக்கும் முன்னாடியே உக்காருங்க" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மற்ற கம்பெனி வண்டிகளில் முன் சீட்டுக்குப் போட்டி. அது பெரிய மனிதர்களுக்கான இடம். எங்கள் வேனில் அது டியூட்டி. காலையில் அரைத் தூக்கத்தில் ஏறுகிறவர்கள், மாலையில் இடுப்பு ஒடிந்து ஏறுகிறவர்கள், யாருக்கு அந்த சீட் வேண்டும்? பின்னால் உட்கார்ந்தால் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கலாம். முன்னால் உட்கார்ந்தவருக்கு அது கிடையாது. அவர்தான் வண்டிக்குக் காது. பின்னால் ஹார்ன் கேட்டால் டிரைவரின் இடது கையில் ஒரு தட்டு. பெரிய வண்டி அவசரப்பட்டால் கையை அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்த விதிகளை யாரும் உட்கார்ந்து போடவில்லை, தானாக வந்து சேர்ந்தன. திங்கள் நான், செவ்வாய் ஸ்டெல்லா என்று முறை வைத்துக்கொண்டோம். பாத்திரம் கழுவும் முறை மாதிரி அதிலும் சண்டை வரும். "நேத்து நீ தூங்கிட்ட, அது கணக்குல வராது, இன்னிக்கும் நீதான்" என்று ஸ்டெல்லா என்னை முன்னால் தள்ளுவாள். அவள் தேவாலயத்தில் பாடுகிறவள். பின்னால் இருந்து அவள் போடும் அதட்டல் அண்ணாவுக்கே கேட்கும்.

புதிதாக வரும் பெண்களுக்கு ஸ்டெல்லாதான் சொல்லிக் கொடுப்பாள். "இவருக்குக் கொஞ்சம் கேக்காது. நல்லா ஓட்டுவாரு. ஆபீஸ்ல சொன்னே, மவளே, நாளைக்கி நீ பஸ்ல வருவே." யாரும் சொன்னதில்லை.

நாங்கள் ஏன் அவரைக் காப்பாற்றினோம் என்று இப்போது யோசித்தால் அதில் புண்ணியம் கொஞ்சம்தான். இவருக்கு முன்னால் வந்தவன் காலையிலேயே குடித்திருப்பான். இன்னொருவன் டயர் பஞ்சர் என்று எங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டுக் கல்யாண சவாரிக்குப் போனவன். இவர் ஒருநாளும் எங்களை நடுவில் விட்டதில்லை. ஷிப்மெண்ட் நாட்களில் நேரம் போனால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டு, கதவு திறக்கும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பார். பிரேக் போட்டால் மடியில் இருக்கும் டிபன் பாக்ஸ் அசையாது. அவர் வேலை போனால் எங்களுக்குத்தான் கஷ்டம். அந்தக் கணக்கில்தான் அவர் காது ரகசியமாக இருந்தது.

ஆனால் பிடித்தும் இருந்தது. அவர் சொல்லும் கதைகளுக்காகவே பிடித்தது. தொண்ணூறுகளில் வழியில் சிக்னல் குறைவு, கதையும் குறைவு. பிறகு ஊர் வீங்கியது. ஆடுகோடியில் நிற்போம், மடிவாளாவில் நிற்போம், சில்க் போர்டில் பாலம் கட்டுகிறோம் என்று தோண்டிப் போட்ட இடத்தில் குடியே இருப்போம். பெங்களூரு கெட்டுப்போகக் கெட்டுப்போக எங்களுக்கு அவரைப் பற்றி அதிகம் தெரிய வந்தது.

அவர் கல்யாணத்துக்கு மச்சான் ஓர் ஆட்டைப் பஸ்ஸில் கூட்டிவந்த கதையை ஒரு வாரம் கேட்டோம். ஆடுகோடியில் ஆடு பஸ்ஸில் ஏறியது. மடிவாளாவில் கண்டக்டர் ஆட்டுக்கு டிக்கெட் கேட்டான். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஓசூர் ரோடு காலியாகக் கிடந்தது. ஆடு டிக்கெட் இல்லாமல் சாயங்காலம் வரை அப்படியே நின்றது. மத்தியானம் கேண்டீனில் நாகராஜ் பொறுக்க முடியாமல் அவர் முன்னால் போய் நின்று, "அண்ணா, ஆமேலே ஏனாயித்து? அப்பறம் இன்னா ஆச்சு?" என்று இரண்டு பாஷையிலும் கேட்டான். "வண்டில சொல்றேன் போடா" என்று சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கேண்டீன் இரைச்சலில் அவருக்குத் தன் குரலே கேட்காது. எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசி ஒருமுறை மேஜை மேஜையாகத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அதிலிருந்து அங்கே அவர் ஊமை.

காது எப்படிப் போனது என்பதும் ஒரு சிக்னலில்தான் வந்தது. நான் கேட்டேன். "சின்ன வயசுல கல்லு ஒடைக்கிற கிரஷர்ல நின்னேன் மேடம். அது பாதி துன்னுச்சு. அப்பறம் லாரி. லாரி மீதிய துன்னுச்சு" என்று சொல்லிச் சிரித்தார். ஏதோ சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. மகள் பிடிவாதம் பிடித்துக் காதுக்கு மெஷின் வாங்க வைத்திருந்தாள். கொஞ்ச நாள் மாட்டிக்கொண்டு வந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டே ஓட்டினார். "மனுஷன் பேசறது அப்பிடியேதான் கீது. வண்டி கத்தறதுதான் பத்து மடங்கு ஆச்சு" என்று கழற்றிப் பர்ஸில் வைத்துவிட்டார்.

அந்த மகள்மீது அவருக்கு உயிர். நர்சிங் சேர்த்த அன்று எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். கடைசி வருஷத்துக்கு வந்ததும் சிக்னல் பேச்சில் பாதி அவளாகவே இருந்தாள். "ஊசி போட்டா வலிக்கவே இல்லையாம் மேடம், அவ கை அவ்ளோ மெதுவாம். வார்டுல பாட்டிங்க எல்லாம் அவளத்தான் கேக்கறாங்களாம்." இந்த ஒரு வருஷம் தள்ளிவிட்டால் போதும், அவள் தலையெடுத்துவிடுவாள் என்பார். அந்த ஒரு வருஷத்துக்குத்தான் அவருக்கு வண்டி வேண்டும்.

இப்போது எங்கள் ஜி.எம். பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், பெங்களூருத் தமிழர்தான். எதையும் முழுதாகக் கேட்கப் பொறுமை இல்லாதவர். மேல் உதடு கீழ் உதடு எதுவும் தெரியாமல் மீசை. ஒருநாள் அவர் கார் எங்கள் வேனுக்குப் பக்கத்தில் சிக்னலில் நின்றிருக்கிறது. வேன் அணைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார். மறுநாளும் பார்த்திருக்கிறார். டீசலை மிச்சம் பிடிக்கிற டிரைவர், புகையைக் குறைக்கிற டிரைவர் என்று தீர்மானித்துவிட்டார். ஆண்டு விழாவில் மேடையில் அண்ணாவின் பெயரைச் சொன்னார். கம்பெனி வண்டியைத் தன் வண்டியாக நினைக்கும் ஒரே ஆள் என்று ஏதேதோ சொன்னார். கூட்டம் கை தட்டியது. எங்கள் அண்ணாவும் கை தட்டினார். யாருக்கோ ஏதோ கிடைக்கிறது என்று நினைத்து நன்றாகவே தட்டினார். ஸ்டெல்லா முதுகில் கை வைத்துத் தள்ளியபிறகுதான் எழுந்து போய் ஒரு ஹாட் பாக்ஸை வாங்கிக்கொண்டு வந்தார்.

"எதுக்குக் குடுத்தாங்க?" என்று மறுநாள் சில்க் போர்டு சிக்னலில் கேட்டார்.

"நீங்க வண்டிய ஆஃப் பண்றீங்கல்ல, அதுக்கு."

வயிறு குலுங்கச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பின்னால் இருப்பவன் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்தான். கையைத் தட்ட வேண்டிய நாகராஜே சிரிப்பில் மறந்துவிட்டான்.

அந்தச் சிரிப்பு ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. பழைய வேன் ஓய்ந்துபோய்ப் புது வண்டி வாங்கியபோது, சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் வண்டி ஒன்று வந்திருக்கிறது என்று யாரோ ஜி.எம்.மிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு அது பிடித்துப்போனது. இதை ஓட்டத் தகுந்த ஆள் நம்மிடமே இருக்கிறானே என்று வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சாவியை இவர் கையிலேயே கொடுத்தார்.

முதல் நாள் அண்ணாவுக்கு ஒரே சந்தோஷம். நியூட்ரலில் போட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்தார். வண்டி தானாக அடங்கியது. "பாத்தீங்களா, நம்ம வழிக்கு வந்துடுச்சு" என்று திரும்பினார். இரண்டாம் நாளே வினை ஆரம்பித்தது. பழைய வேன் ஓடினால் அவர் உள்ளங்காலுக்குத் தெரியும். ஸ்டியரிங்கில் கை நடுங்கும். இந்தப் புது வண்டியில் ஒரு நடுக்கமும் இல்லை. எஞ்சின் ஓடுகிறதா, அதுவாக அடங்கிவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. மீட்டரில் முள் இருக்கிறது, ஒரு சின்ன விளக்கும் எரியும். ஆனால் சிக்னலில் அவர் மீட்டரையா பார்ப்பார்? எங்கள் வாயைத்தான் பார்ப்பார். அதற்காகத்தானே நிறுத்துவது!

கை மட்டும் பழக்கத்தில் சாவிக்குப் போகும். அதுவாக அடங்கிய வண்டியை இவர் சாவி போட்டு இன்னொருமுறை அணைப்பார். பச்சை விழுந்ததும், அதுவே கிளம்பிவிடும் என்று கிளட்சை மிதிப்பார். வண்டி கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும். இன்னொரு நாள் ஓடுகிற எஞ்சினுக்கே சாவியை முறுக்குவார். கர்ரென்று ஒரு சத்தம் எழும்பும், பல்லைக் கடித்துக்கொள்வோம். அவருக்குக் கேட்டால்தானே?

அதனால் முன் சீட்டுக்கு டியூட்டி கூடியது. ஹார்னுக்குத் தட்டுவதோடு, எஞ்சின் அடங்கினால் கையை மூடிக் காட்ட வேண்டும், ஓடினால் விரித்துக் காட்ட வேண்டும். அந்தத் தானியங்கி வேலையை நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது. நாகராஜ்தான் கண்டுபிடித்தான். ஒரு வாரம் நிம்மதியாகப் போனோம். பிறகு ஜி.எம். வண்டியைப் பார்க்க வந்தார். பொத்தான் அமுங்கியிருப்பதைக் கண்டு அட்மின் ஆளைக் கூப்பிட்டுக் கத்தினார். அவன் அதன்மேல் டேப் ஒட்டி, தொடக் கூடாது என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துவிட்டான்.

"ஒரு வருஷம் மேடம்" என்றார் அண்ணா. "பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்டோம். அலுப்பாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, வீடு போகும் வரைக்கும் கையை மூடுவதும் விரிப்பதுமாக இருப்பது எத்தனை நாள் முடியும்? ஸ்டெல்லாவுக்குத் தலைவலி. நாகராஜுக்குக் கைக்குழந்தை, வீட்டில் தூக்கமே கிடையாது. அவருக்கு உதவுகிறோம் என்ற நினைப்பு போய், எப்போது இந்த வருஷம் முடியும் என்ற நினைப்பு எனக்கே வந்துவிட்டது.

ஒரு ஷிப்மெண்ட் வாரம். எல்லோரும் செத்துப் பிழைத்து ஏறினோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. முன் சீட்டில் நாகராஜ். மடிவாளா தாண்டி ஆடுகோடிப் பக்கம் பெரிய நெரிசல். அண்ணா மடிவாளாவில் நிறுத்தித் தட்டியும் எழாமல் நாகராஜ் எங்களோடு வந்துகொண்டிருக்கிறான் என்றால் எவ்வளவு தூங்கியிருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னலில் வண்டி அதுவாக அடங்கியது. புது வண்டி அடங்கினால் வரும் அமைதி இருக்கிறதே, தொட்டிலில் போட்ட மாதிரி. நானும் கண்ணை மூடினேன். அண்ணா திரும்பிப் பார்த்திருக்கிறார். எல்லோரும் தூங்குகிறோம் என்று பேசாமல் முன்னால் திரும்பிவிட்டிருக்கிறார். கை பழக்கத்தில் சாவியைத் திருப்பியிருக்கிறது.

நான் விழித்தது சைரன் சத்தத்தில். மண்டைக்குள்ளேயே அடித்தது. கண்ணைத் திறந்தால் முன்னால் ரோடு காலி. மூன்று வரிசையில் எங்கள் வரிசை மட்டும் நகரவில்லை. எங்களுக்கு நேர் பின்னால் ஆம்புலன்ஸ். போலீஸ்காரர் ஓடிவந்து பானெட்டில் அடித்தார். "ஏ! கிவி கேளல்வேனோ?" என்று கத்தினார். காது கேட்காதா என்று கன்னடத்தில் எவனைப் பார்த்தும் கேட்கிற வசவுதான். அண்ணா கிளட்சை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டி அவர் தோளை உலுக்கி, சாவி, சாவி என்றேன். முறுக்கினார். வண்டி கிளம்பி ஓரமாக ஏறியது.

ஆம்புலன்ஸ் எங்களை ஒட்டிக்கொண்டு மெதுவாகப் போனது. அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். அதன் பக்க ஜன்னலில் ஒரு பெண் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னப் பெண், நர்ஸ் உடுப்பு. அவரையே பார்த்துக்கொண்டு போனாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில், அழுதுவிடுவாள் போல இருந்தது.

அண்ணா வண்டியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எவ்ளோ நேரமா கத்திட்டிருந்துது?"

"இப்பத்தாண்ணா வந்துச்சு. வந்ததும் நீங்க ஒதுங்கிட்டீங்க" என்றேன்.

என் வாயையே பார்த்தார். "நீங்க தூங்கிட்டிருந்தீங்க மேடம்" என்றார்.

அந்த ஆம்புலன்ஸுக்குள் இருந்தவர் யார், பிழைத்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மறுநாள் நாங்கள் மூன்று பேரும் சபதம் எடுத்துக்கொண்டோம். முன் சீட்டில் இனி எவரும் தூங்குவதில்லை. நாகராஜ் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். டேப்பைப் பிய்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கப் போகிறேன் என்றான். ஸ்டெல்லா, "உங்க தப்பு இல்லண்ணா, இந்தப் பாழாப்போன வண்டிதான்" என்றாள். எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினார். அதற்குப் பிறகு சிக்னல்களில் அவர் திரும்பவில்லை. வண்டி அடங்கும், அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பார், வண்டி கிளம்பும். நான் முன் சீட்டில் உட்கார்ந்து கையை விரித்து மூடிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பயணங்கள் வேறு இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கியபிறகு என்னை மட்டும் நிறுத்தினார்.

"மேடம், ஜி.எம். சார்கிட்ட ஒரு வார்த்த பேசணும். நீங்க கூட வரணும். அவரு மீசைக்குள்ள பேசறாரு. எனக்கு ஒண்ணும் புரியாது."

எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. "பொண்ணு கடைசி வருஷம்ணா" என்றேன்.

"அதத்தான் மேடம் ஒரு வாரமா யோசிக்கறேன்."

"இன்னும் நாலஞ்சு மாசந்தானே. நாங்க இருக்கோம்ல."

"இருக்கீங்க" என்றார். "வாங்க போலாம்."

ஜி.எம். அறையில் இரண்டு போன்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. துறைமுகத்தில் எங்கள் சரக்குப் பெட்டி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு போனை வைத்துவிட்டு, என்ன என்று முகவாயால் கேட்டார். அண்ணா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்று தெரியாததால் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"சார், எனக்குக் காது கேக்காது. சேந்ததுலேந்தே கேக்காது. யார்கிட்டயும் சொல்லல. போன வாரம் ஆம்புலன்ஸ் ஒண்ண நிறுத்திட்டேன் சார்."

வெளியே டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. ஜி.எம். அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"காதா? எனக்குந்தான் கேக்கறதில்ல, என் வீட்ல வந்து கேளு" என்றார். "ஏம்மா, வேற எங்கயாவது வேல பாத்துட்டானா? அதுக்கு இதெல்லாம் ஒரு சாக்கா? இத்தன வருஷத்துல வண்டில ஒரு கீறல் உண்டா? இவன மாதிரி ஒருத்தன் எங்க கெடைப்பான் எனக்கு? ஷிப்மெண்ட் நேரத்துல உயிர வாங்காதீங்க. மெஷின் கிஷின் வேணும்னா கம்பெனில வாங்கித் தரேன். போய் ஓட்டச் சொல்லு." அடுத்த போனை எடுத்துவிட்டார்.

அண்ணா என் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்றாரு?"

வேலை போகவில்லை. மகள் படிப்பை முடித்துவிடுவாள். நாங்களும் ஒளிக்க வேண்டியதில்லை. அவருக்கு நேராக நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "பரவால்லன்னு சொல்றாரு. நீங்களே ஓட்டலாமாம். மெஷின் வாங்கித் தராங்களாம்."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. ஜி.எம்.மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"'போ'ன்னு சொல்லுவாருன்னு வந்தேன் மேடம்" என்றார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது, எப்படி என்று தெரியவில்லை. "நானா வுடறதுக்கு மனசு வரல. அவரு 'போ'ன்னுட்டா வீட்லயும் அப்பிடியே சொல்லிக்கலாம். பொண்ணுகிட்டயும் சொல்லிக்கலாம். நீங்களும் ஓட்டுன்றீங்க. அவரும் ஓட்டுன்றாரு."

ஜி.எம். போனில் யாரிடமோ கப்பல் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். மேஜையில் கிடந்த துணிச் சாம்பிள்களைக் கொஞ்சம் ஒதுக்கி, அந்த இடத்தில் வைத்தார். ஜி.எம். ரிசீவரைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினார். அது என்ன என்று அண்ணா என்னைக் கேட்கவில்லை. ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று எனக்காகத் திரும்பினார்.

"நாளைக்கிக் காலைல வண்டி வராது மேடம்" என்றார். "கொஞ்சம் முன்னாடியே கெளம்பி பஸ்ஸு புடிச்சுக்குங்க. ஸ்டெல்லா மேடத்துக்கும் நாகராஜுக்கும் சொல்லிடுங்க. பாவம், ரோட்ல நின்னுட்டு இருப்பாங்க."

"சரிண்ணா" என்றேன். எனக்குக் குரலே வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.